டொக் வாங்குவதற்கு முன் லெப்டொப்பைத் திருப்பிப் பாருங்கள்

போன சனிக்கிழமை கடையைத் திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பொகவந்தலாவைப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் ஓர் அப்பாவும் மகளும் வந்து இறங்கினார்கள். ஹட்டனில் விடாத மழை. அப்பாவின் தோளில் ஒரு மொனிட்டர். மலைக்குப் போகும்போது போட்டுக்கொள்ளும் கம்பளியால் அதைச் சுற்றி, மேலே படங்கு கட்டியிருந்தார். இன்னொரு மொனிட்டரும் லெப்டொப்பும் மகளின் கையில்.

"தம்பி, பிள்ளை ரெண்டு மாசச் சம்பளத்தப் போட்டு வாங்கின சாமான். ஒண்ணுமே தெரியல. கொஞ்சம் பாருங்க" என்றார்.

மகள் வீட்டிலிருந்தே கொழும்புக் கம்பனி ஒன்றுக்குக் கணக்கு வேலை பார்க்கிறாள். ஒரு திரையில் பில், இன்னொன்றில் எக்செல், மூன்றாவதில் மின்னஞ்சல் என்று வைத்துக்கொண்டால் வேலை பாதி நேரத்தில் முடியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது உண்மைதான். அதற்காக, மொனிட்டர் மாட்டும் எச்டிஎம்ஐ போர்ட் இரண்டு உள்ள டைப் சி டொக்கிங் ஸ்டேஷன் ஒன்றை வாங்கியிருக்கிறாள். டொக் என்றால் லெப்டொப்பின் ஒரே ஓட்டையில் செருகி, மொனிட்டர், கீபோர்ட், மவுஸ் எல்லாவற்றையும் மாட்டும் பெட்டி. செருகினால் கீபோர்ட் வேலை செய்கிறது, மவுஸ் வேலை செய்கிறது, பென் டிரைவ் திறக்கிறது. படம் மட்டும் வரவில்லை. விற்ற கடையில், பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள், திருப்பி எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம்.

நான் டொக்கைக் கையில் எடுக்கவே இல்லை. லெப்டொப்பைப் பக்கவாட்டில் திருப்பி டோர்ச் அடித்தேன். டைப் சி ஓட்டைக்குப் பக்கத்தில் யூஎஸ்பியின் சூலம் போன்ற அடையாளம், கூடவே எஸ்எஸ் என்று இரண்டு எழுத்து. வேறொன்றும் இல்லை. அடியில் இருந்த மொடல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டுப் பார்த்தேன். அந்த போர்ட் தரவுக்கு மட்டும் என்று தெளிவாக எழுதியிருந்தது.

இந்த மாதத்தில் இரண்டு மொனிட்டர் சரியாக ஓடவில்லை என்று வந்த மூன்றாவது ஆள் அவள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

"ஓட்டை பொருந்துதே அண்ணா, அப்ப வேலை செய்யணும்தானே?" என்று கேட்டாள். எல்லாரும் கேட்கும் கேள்வி இதுதான். நூறு தடவை சொல்லியாகிவிட்டது, இன்னொரு தடவையும் சொல்கிறேன். டைப் சி என்பது ஓட்டையின் வடிவத்துக்கு வைத்த பெயர். அந்த ஓட்டைக்குப் பின்னால் என்ன ஓடுகிறது என்பதை அந்தப் பெயர் சொல்லாது. வீட்டில் இரண்டு குழாய் ஒரே மாதிரி இருக்கலாம். பின்னால் தண்ணீர் இணைப்புக் கொடுத்த குழாயில்தான் தண்ணீர் வரும். மற்றதை எவ்வளவு திருகினாலும் காற்றுதான் வரும்.

சில லெப்டொப்பில் அந்த ஓட்டை கோப்பு அனுப்பவும் வாங்கவும் மட்டும். சிலதில் சார்ஜும் ஏறும். சிலதில்தான் கிராபிக்ஸ் சிப்பிலிருந்து படம் கொண்டுவரும் டிஸ்ப்ளே போர்ட் இணைப்பை அங்கே கொண்டுவந்திருப்பார்கள். தண்டர்போல்ட் என்ற வேகமான வகை என்றால் பெரும்பாலும் இவை எல்லாமே இருக்கும். நான்கும் வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். விலை குறைந்த மொடல்கள் பலவற்றில் முதல் வகைதான்.

சாதாரண டைப் சி டொக் படத்தை உருவாக்குவதில்லை. லெப்டொப் கொடுக்கும் படத்தை வாங்கிப் பிரித்துக் கொடுப்பதுதான் அதன் வேலை. லெப்டொப் அந்த ஓட்டை வழியாகப் படமே அனுப்பவில்லை என்றால் டொக் எதைப் பிரிக்கும்? விண்டோஸை அப்டேட் செய்தாலும் வராது. டிரைவர் என்ற இயக்கும் மென்பொருளைப் போட்டாலும் வராது. இருபதாயிரத்து டொக்கை விட்டுவிட்டு எண்பதாயிரத்துக்கு இதே வகை டொக் வாங்கினாலும் வராது. அந்தக் கம்பியே உள்ளே இல்லை. தயவுசெய்து இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படித் தெரிந்துகொள்வது? ஓட்டைக்குப் பக்கத்தில் டி (D) எழுத்துக்குள் பி (P) எழுத்து வைத்தது போன்ற அடையாளம் இருந்தால் டிஸ்ப்ளே போர்ட். மின்னல் அம்பு இருந்தால் தண்டர்போல்ட். பற்றரி படமோ பிளக் படமோ மட்டும் இருந்தால் அது சார்ஜைப் பற்றிய அடையாளம், படத்தைப் பற்றியது இல்லை. சில தயாரிப்பாளர்கள் எந்த அடையாளமும் போடுவதில்லை. அப்போது அடியில் உள்ள முழு மொடல் எண்ணை வைத்துத்தான் தேட வேண்டும். முழு எண் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரே பெயரில் வரும் லெப்டொப்பிலேயே ஒரு வகையில் இருக்கும், இன்னொரு வகையில் இருக்காது.

இந்த மாதம் வந்த மற்ற இரண்டு பேரில் ஒருவர் தலவாக்கலையில் டியூஷன் வகுப்பு நடத்தும் ஆசிரியர். இருபக்கமும் எச்டிஎம்ஐ உள்ள ஸ்பிளிட்டர் ஒன்றை வாங்கி வந்து, இரண்டு மொனிட்டரிலும் ஒரே படம்தான் வருகிறது என்றார். ஸ்பிளிட்டர் அதற்காகவே செய்தது. ஒரு படத்தைப் பிரதி எடுத்து இரண்டு பக்கம் கொடுக்கும். இரண்டு வேறு படம் வேண்டும் என்றால் ஸ்பிளிட்டரால் ஆகாது.

மற்றவர் நுவரெலியாவில் டிசைன் வேலை செய்யும் தம்பி. அவருடையது ஆப்பிளின் எம்1 சிப் உள்ள மெக்புக் ஏர். அதன் டைப் சி வழியாகப் படம் வரும், தண்டர்போல்ட்டும் உண்டு. ஆனால் 2020இல் வந்த எம்1 ஏரும் 2022இல் வந்த எம்2 ஏரும் வெளியே ஒரு மொனிட்டரைத்தான் நேரடியாக ஓட்டும். 2024இல் வந்த எம்3 ஏரில் மூடியை மூடி வைத்தால் இரண்டு. 2025இன் எம்4 ஏரில் திறந்து வைத்தே இரண்டு. இன்னொன்றும் இருக்கிறது. ஒரே கேபிளில் இரண்டு படத்தை அடுக்கி அனுப்பும் எம்எஸ்டி முறையை விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும். மெக் அதில் தனித்தனித் திரையாகக் கொடுக்காது. அதனால் "இரண்டு எச்டிஎம்ஐ" என்று பெட்டியில் போட்டிருக்கும் பல டொக்குகள் மெக்கில் இரண்டு மொனிட்டரிலும் ஒரே படத்தைத்தான் காட்டும். டொக் பழுதில்லை. அவர் டொக்கை மாற்றிக் கேட்டு மூன்று தடவை கண்டிக்குப் போய் வந்திருக்கிறார்.

அப்புறம் கேபிள். போன் சார்ஜரோடு வந்த டைப் சி கேபிளைப் போட்டுவிட்டு டொக்கைக் குறை சொல்லாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை சார்ஜுக்கும், நொடிக்கு 480 மெகாபிட் என்ற மெதுவான தரவுக்கும் மட்டும். டொக்கோடு வந்த கேபிளையே போடுங்கள்.

4கே மொனிட்டர் வைத்திருப்பவர்கள் பெட்டியில் 4கே என்ற எழுத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுவதற்கு முன், அதற்குப் பக்கத்தில் 30 ஹேர்ட்ஸா 60 ஹேர்ட்ஸா, அதாவது நொடிக்கு எத்தனை தடவை படம் புதுப்பிக்கும் என்று பாருங்கள். 30 என்றால் மவுஸ் அம்பு இழுத்து இழுத்துப் போகும், மாலைக்குள் கண் வலிக்கும். கணக்கு வேலைக்கும் எழுத்து வேலைக்கும் இரண்டு ஃபுல் எச்டி மொனிட்டர் தாராளமாகப் போதும்.

சார்ஜ் விடயமும் அப்படித்தான். டொக்கில் 100 வாட் என்று போட்டிருந்தால் அதில் ஒரு பங்கை டொக்கே எடுத்துக்கொள்ளும், லெப்டொப்புக்குப் பெரும்பாலும் 85 அளவில்தான் போகும். உங்கள் சார்ஜரில் எத்தனை வாட் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சரி, அந்தப் பிள்ளைக்கு என்ன செய்தேன்? அவளுடைய லெப்டொப்பிலேயே ஓர் எச்டிஎம்ஐ போர்ட் இருந்தது. முதல் மொனிட்டரை நேராக அதில் மாட்டினேன். இரண்டாவதுக்கு, டிஸ்ப்ளேலிங்க் சிப் உள்ள சின்ன அடெப்டர் ஒன்றைச் சாதாரண யூஎஸ்பி போர்ட்டில் போட்டேன். இது வேறு வகை. படத்தை மென்பொருளே சுருக்கித் தரவாக அனுப்பும், அடெப்டர் அதைப் பிரித்துப் படமாக்கும். அதனால் தரவு போர்ட் மட்டும் இருந்தாலே போதும். எம்1 வைத்திருந்த தம்பிக்கும் இதுதான் வழி. குறைகளும் உண்டு. டிரைவர் போட வேண்டும், பிராசஸருக்குக் கொஞ்சம் வேலை கூடும், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பாதுகாக்கப்பட்ட படங்கள் அந்தத் திரையில் கறுப்பாகத் தெரியலாம். கம்பனி கொடுத்த லெப்டொப் என்றால் டிரைவர் போட விடுவார்களா என்று முதலில் அவர்களுடைய ஐடி பிரிவில் கேளுங்கள். வாங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை.

மூன்று திரையும் ஒளிர்ந்தபோது அப்பா கம்பளியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அடெப்டரின் விலை, அவள் டொக்குக்குக் கொடுத்ததில் கால் பங்குகூட இல்லை.

கொழும்புக்கோ கண்டிக்கோ போய் வாங்குவதென்றால் லெப்டொப்பைக் கையோடு எடுத்துப் போங்கள். பஸ்ஸில் சுமக்க வேண்டுமே என்று பார்க்காதீர்கள். கடையிலேயே இரண்டு மொனிட்டரில் செருகி, விண்டோஸ் விசையோடு பி (P) அழுத்தி எக்ஸ்டெண்ட் போட்டு, இரண்டிலும் வேறு வேறு படம் வருகிறதா என்று பார்த்த பிறகு காசு கொடுங்கள். செருகிப் பார்க்க விடமாட்டோம் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். ஓன்லைனில் வாங்குவதென்றால் திருப்பி எடுப்பார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

நம் பக்கத்துக்கு மட்டும் இன்னொரு வேண்டுகோள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி இடிக்கத் தொடங்கினால் டொக்கின் பிளக்கைக் கழற்றுங்கள். ரவுட்டரிலிருந்து டொக்குக்கு வரும் நெட்வேர்க் கேபிளையும் கழற்றுங்கள், அதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். அந்த வழியாக வந்த மின்னலில் டொக்கும் லெப்டொப்பும் சேர்ந்து போனதை என் மேசையில் பார்த்திருக்கிறேன். லயத்து வீடுகளில் ஏர்த் சரியாக இல்லாத பிளக் பொயின்ட்கள் நிறைய. தெரிந்த எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

அவளுடைய டொக் இப்போது என் அலுமாரியில் இருக்கிறது, விற்றுத் தரச் சொல்லிவிட்டுப் போனாள். நல்ல பொருள், ஒரு கீறல்கூட இல்லை. டைப் சி வழியாகப் படம் வரும் விண்டோஸ் லெப்டொப் வைத்திருப்பவர்கள் ஹட்டன் பக்கம் வந்தால் லெப்டொப்பையும் எடுத்து வாருங்கள். இங்கேயே செருகிப் பார்த்துவிட்டு எடுத்துப் போகலாம். பணம் முழுவதும் அவளுக்குத்தான்.