ஸ்பீக்கர் வெடிப்பதில்லை, உதைக்கிறது

போன ஆடியில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக் கோயிலுக்குப் புது ஒலிபெருக்கிப் பெட்டிகள் வாங்கினோம். கூட வந்த தமிழ்க் கையேட்டில் ஒரு வரி: ‘மின்சாரம் கொடுக்கும்போதும் நிறுத்தும்போதும் வெடிப்பு ஏற்படலாம்.’ அதைப் படித்த பொருளாளர் அண்ணன் பிளக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு, “தம்பி, பிள்ளைங்கள கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க” என்றார். அவர்மேல் குற்றமில்லை. தமிழ் படிக்கத் தெரிந்த யாரும் அப்படித்தான் புரிந்துகொள்வார்கள்.

ஆங்கிலத்தில் அங்கே இருந்த சொல் ‘பாப்’. நம் ‘தொப்’, ‘படார்’ போல ஒலியைக் கேட்டு அமைந்த சொல், அவ்வளவுதான். ஒலியை வலுவாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபையரைப் போட்டதும் அணைத்ததும் ஸ்பீக்கரில் ஒரே ஒரு தடவை கேட்கும் அடியை அது குறிக்கிறது.

‘வெடிப்பு’ ஏன் தவறு? தமிழில் அதற்கு ஏற்கெனவே இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, குண்டோ குழாயோ வெடித்துச் சிதறுவது. மற்றொன்று, சுவரிலும் குதிகாலிலும் விழும் பிளவு. ஸ்பீக்கரில் வெடிப்பு என்றால் பெட்டி வெடிக்கும் என்றோ, உள்ளே அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பு கிழிந்திருக்கிறது என்றோதான் பொருள் படும். இரண்டுமே நடக்கவில்லை. ‘ஒலிவெடிப்பு’ என்று முன்னால் ஒட்டுப்போட்டாலும் அச்சம் போவதில்லை.

சரி, ‘தொடக்க இரைச்சல்’ என்கிறார்களே? அது இன்னும் கெடுதல். கடல் இரைகிறது, சந்தை இரைகிறது, மூச்சு இரைக்கிறது. இரைச்சல் என்றால் விடாமல் தொடர்வது. பழுது பார்ப்பவருக்கு இந்த வேறுபாடுதான் முதல் தடயம். விடாமல் ‘உம்ம்ம்’ என்றால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் எங்கோ கலக்கிறது, எர்த் இணைப்பைப் பார்க்க வேண்டும். போடும்போது ஒரே அடி என்றால் தேட வேண்டிய இடமே வேறு. இரண்டையும் இரைச்சல் என்று எழுதினால் ஒரு நாள் முழுக்க வயரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

உள்ளே நடப்பதைப் பார்த்தால் சொல் தானாக வரும். பழைய பாணி ஆம்ப்ளிஃபையர் 24 வோல்ட்டில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் வெளியீடு சும்மா இருக்கும்போதும் 12 வோல்ட்டில் நிற்கும். அந்த 12 ஸ்பீக்கருக்குப் போகாமல் மின்தேக்கி (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் சின்னப் பாகம், கெப்பாசிட்டர்) ஒன்று தடுக்கும். சுவிச்சைப் போட்டதும் அந்த மின்தேக்கி நிரம்ப வேண்டும், நிரம்பும் மின்சாரம் ஸ்பீக்கர் வழியாகத்தான் பாய வேண்டும். முன்வலையைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்: கறுப்புக் கூம்பு விருட்டென்று ஒரு தடவை முன்னே தள்ளி, மெல்லத் தன் இடத்துக்குத் திரும்பும்.

எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு மைக்செட் போடுகிறவர்கள் இதைப் பார்த்தேதான் “ஸ்பீக்கர் உதைக்குது” என்கிறார்கள். துப்பாக்கி தோளை உதைப்பதும் இதே சொல்தான். ஆகவே என் சொல் ‘உதைப்பு’. ஒலியை மட்டும் பிரித்துச் சொல்ல ‘உதைப்பொலி’. தூய தமிழ், யாருக்கும் அகராதி வேண்டாம். ‘டொப்’ என்றே எழுதலாம் என்பவர்களுக்கு: டகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது. ‘பாப்’ என்று விட்டால் பாட்டு என்று நினைப்பார்கள். நல்ல ஆம்ப்ளிஃபையரில் சில வினாடி கழித்து ரிலே என்ற தானியங்கிச் சுவிச்சு ‘டக்’ என்று ஸ்பீக்கரை இணைக்குமே, அந்தச் சின்ன ஒலிக்குச் ‘சொடுக்கு’ போதும். இரண்டையும் கலக்க வேண்டாம்.

என் வருத்தம் இந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறக்கிறார்கள், பெட்டியைத் திறப்பதில்லை. ஒரு தடவை சுவிச்சைப் போட்டுக் கேட்டிருந்தால் ‘வெடிப்பு’ என்று எழுதக் கை வந்திருக்காது. அந்த வேலையைத் தினமும் செய்கிறவரிடம் “அண்ணே, இதுக்கு நீங்க என்ன சொல்வீங்க?” என்று கேட்க ஒரு நிமிடம் ஆகுமா?

கோயிலில் அந்தக் கையேட்டுப் பக்கத்தை எடுத்துவிட்டு, ஆம்ப்ளிஃபையர்மேல் நானே எழுதி ஒட்டியிருக்கிறேன்: ‘மிக்சரை (மைக் ஒலிகளைக் கலக்கும் பெட்டி) முதலில் போடவும், ஆம்ப்ளிஃபையரைக் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபையர் முதலில். மாற்றிச் செய்தால் ஸ்பீக்கர் உதைக்கும்.’ பொருளாளர் அண்ணன் இப்போது அவரே போட்டு, அவரே அணைக்கிறார்.