கடல் வற்றும்வரை காத்திருக்காதீர்கள்

திருகோணமலைக் கடலோரத்தில் அனர்த்தத் தயார்நிலைக் கூட்டங்களை நடத்துவது என் தொழில். திருக்கடலூர், நிலாவெளி, குச்சவெளி, கிண்ணியா, மூதூர் என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் எழுந்து, "தியரி எல்லாம் வேண்டாம் சேர், என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்" என்பார். தொழிலுக்குப் போகும் நேரத்தை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவர்களின் அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பதை எதை வைத்துச் சொல்வது? 2004 சுனாமியில் கண்டதை மட்டும் வைத்துச் சொன்னால், அடுத்த முறையும் எல்லாம் அப்படியே நடந்தால்தான் அது உதவும். கடல் அப்படி வாக்குக் கொடுக்கவில்லை.

மூதூர்ப் பக்கப் பாடசாலை ஒன்றில் சுவரொட்டி ஒன்றை மாட்டியிருந்தார்கள். கடல் வெகுதூரம் பின்வாங்கிக் கிடக்க, பிள்ளைகள் மேட்டை நோக்கி ஓடுகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற வயதான மீனவர் ஒருவர், "தம்பி, எங்கள் கரையில் முதலில் கடல் வற்றவில்லை. நேரே ஏறித்தான் வந்தது. வற்றியது அதற்குப் பிறகு" என்றார். அங்கிருந்த ஆசிரியர், கடல் உள்வாங்குவதுதான் சுனாமியின் முதல் அடையாளம் என்று படித்திருக்கிறோமே என்றார். இருவரும் உண்மையைத்தான் சொன்னார்கள். தாய்லாந்தின் புக்கெற் கடற்கரையில் கடல் உள்வாங்கியதைக் கண்டு, பாடசாலையில் படித்தது நினைவுக்கு வந்து, ஒரு சிறுமி எச்சரித்ததால் பலர் தப்பினார்கள். அந்தச் செய்தி உலகெங்கும் போயிற்று. அதுவே எல்லாக் கரைக்குமான விதியாகவும் ஆகிவிட்டது.

இந்த இரண்டு சாட்சியங்களையும் சேர்த்து வைத்துப் பார்க்க ஒரு கோட்பாடு வேண்டும். புவியின் மேலோடு பெரும் தகடுகளாகப் பிளவுபட்டு நகர்கிறது என்பது புவித்தகட்டுக் கோட்பாடு. சுமாத்திராவுக்கு மேற்கே இந்தியத் தகடு பக்கத்துத் தகட்டின் கீழே அமிழ்கிறது. இரண்டும் சிக்கிக்கொள்வதால் மேலே உள்ள தகட்டின் விளிம்பு நூற்றாண்டுக் கணக்கில் கீழே இழுபட்டு வளைகிறது. சிக்கு விடுபடும் கணத்தில் அந்த விளிம்பு மேலே துள்ளுகிறது. அதற்குக் கிழக்கே உள்ள பகுதி தாழ்கிறது. மேற்குப் பக்கம் உயர்ந்த கடல் முகடாகவே நம்மை நோக்கிப் புறப்படும். கிழக்குப் பக்கம் தாழ்ந்த கடல் தாய்லாந்தை நோக்கிப் பள்ளமாகப் போகும். ஆகவே அங்கே முதலில் கடல் வற்றியது, இங்கே முதலில் ஏறியது. பெரியவர் கண்ணால் கண்டதும் ஆசிரியர் படித்ததும் ஒரே பிளவின் இரண்டு பக்கங்கள்.

இதை நான் எல்லாக் கூட்டங்களிலும் வற்புறுத்திச் சொல்கிறேன். கடல் உள்வாங்கினால் ஓடுங்கள். உள்வாங்கவில்லை என்பதற்காக நிற்காதீர்கள். நில அதிர்வை உணர்ந்தால்தான் ஆபத்து என்றும் எண்ண வேண்டாம். 2004 டிசம்பர் 26 அன்று அதிர்வின் மையம் இங்கிருந்து ஏறத்தாழ 1,700 கிலோமீற்றர் தூரத்தில் இருந்தது. ஆழ்கடலில் சுனாமியின் வேகத்தைத் தீர்மானிப்பது கடலின் ஆழம். 4,000 மீற்றர் ஆழத்தில் அது மணிக்கு 700 கிலோமீற்றருக்குச் சற்று மேல். நமக்குக் கிடைப்பது ஏறத்தாழ இரண்டு மணி நேரம்.

கோட்பாடு வேறு, கருதுகோள் வேறு. கருதுகோள் என்பது இந்தக் கோட்பாட்டுக்கு உள்ளேயோ வெளியேயோ நின்று ஒன்றைத் துணிந்து சொல்வது. துணிந்து என்கிறேன், ஏனென்றால் எது நடந்தால் தான் பொய்யாகும் என்பதையும் அது சேர்த்தே சொல்லிவிட வேண்டும். உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞான முறையும் படிக்கும் பிள்ளைகள் மெய்யியலாளர் கார்ல் பொப்பரின் பொய்ப்பித்தல் என்று இதை எழுதிப் புள்ளி வாங்குகிறார்கள். அவர்களின் வீட்டிலேயே அதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 2004 சுனாமி வந்தது பௌர்ணமி போயா தினத்தில். "பறுவத்தில்தான் கடல் வரும்" என்று அதன்பின் பலர் நம்புகிறார்கள். இதை நான் ஏளனம் செய்வதில்லை. இது சோதிக்கத்தக்க கருதுகோள். பௌர்ணமி அல்லாத நாளில் ஒரு பெருஞ்சுனாமி வந்தால் போதும், விழுந்துவிடும். 2011 மார்ச் 11 இல் ஜப்பானைச் சுனாமி தாக்கியபோது வானத்தில் இருந்தது அரை நிலாகூட நிறையாத வளர்பிறை. கருதுகோள் விழுந்தது. "கடல் எடுக்க வேண்டியதை எடுக்கும்" என்ற பேச்சு அப்படியல்ல. யார் பிழைத்தாலும் யார் மாண்டாலும் அது பொருந்தும். உறவுகளைப் பறிகொடுத்தவர்களுக்கு அதில் ஆறுதல் இருக்கலாம், அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அதை வைத்து ஒரு வெளியேற்றப் பாதையை வரைய முடியாது.

யால யானைகள் முன்கூட்டியே அறிந்து ஓடின என்ற கதையும் உண்டு. அங்கே செய்மதிக் கழுத்துப்பட்டி பூட்டப்பட்டிருந்த யானைகள் இரண்டின் நடமாட்டத்தை ஆராய்ந்தார்கள். அப்படி எதுவும் தெரியவில்லை.

விஞ்ஞானிகளின் கருதுகோள்களும் விழுகின்றன. அதை மறைக்காமல் சொல்வது நம் கடமை என்று நினைக்கிறேன். வயதில் இளைய தகடு வேகமாக அமிழும் இடங்களில்தான் 9 என்ற அளவை எட்டும் பூமியதிர்ச்சி வரும் என்ற கருத்து 1980 முதல் செல்வாக்குடன் இருந்தது. அந்தக் கணக்கில் சுமாத்திரா-அந்தமான் பகுதி அவ்வளவு பெரிய ஆபத்தாகத் தெரியவில்லை. 2004 இல் அங்கேதான் ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் நீளத்துக்குப் பிளந்து, 9.1 அளவில் அதிர்ந்தது. கருதுகோள் உடைந்தது, தகட்டுக் கோட்பாடு உடையவில்லை. ஜேர்மன் விஞ்ஞானி அல்பிரட் வெக்னர் 1912 இல் கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்னபோது, எந்த விசை நகர்த்துகிறது என்று அவரால் ஏற்கத்தக்க விளக்கம் தர முடியவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, கடலடிப் பாறைகளின் காந்தப் பட்டைகள் உட்படப் பல திசைகளிலிருந்து சான்றுகள் குவிந்த பிறகே அந்தக் கருத்து தகட்டுக் கோட்பாடாக நிலைபெற்றது. அப்படி நின்ற ஒன்று ஓர் உட்கருத்து விழுந்ததால் சாய்வதில்லை. எந்த இடத்தில் திருத்த வேண்டும் என்பதைத்தான் அது காட்டுகிறது.

2012 ஏப்ரல் 11 ஐ நம் மக்கள் மறக்கவில்லை. சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் பூமியதிர்ச்சி. எச்சரிக்கை வந்தது, கடலோரத்தார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், பேரலை வரவில்லை. "சும்மா ஓடவைத்தார்கள்" என்ற மனக்குறை இன்றும் கூட்டங்களில் கேட்கிறது. அன்று தகடு பக்கவாட்டில் உரசி நகர்ந்தது. கடலடித்தளம் பெரிதாக மேலெழவில்லை. எனவே கடல் நீரும் பெரிதாக உயரவில்லை. பூமியதிர்ச்சியின் இடமும் அளவும் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். தகடு எந்தத் திசையில் நகர்ந்தது என்று உறுதியாகத் தெரிய அதைவிட நேரம் எடுக்கும். கடல்மட்ட அளவிகள் காட்டும் வரை பொறுக்கவும் வேண்டும். அதுவரை "பேரலை வரலாம்" என்ற கருதுகோளையே பிடித்துக்கொண்டு மேட்டில் நிற்கிறோம். அது பொய்யானால் ஒரு பிற்பகல் போகும். "வராது" என்ற கருதுகோளோடு கரையில் நின்று அது பொய்யானால் என்ன ஆகும் என்பதை இலங்கை 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொடுத்து அறிந்திருக்கிறது.

அடுத்தது எப்போது என்று யாராலும் திகதி சொல்ல முடியாது, சொல்பவரை நம்பாதீர்கள். ஆனால் தகடுகள் நகர்ந்துகொண்டே இருப்பதால் முன்பும் வந்திருக்க வேண்டும் என்று கோட்பாடு சொல்கிறது. வந்திருந்தால் களப்புச் சேற்றுக்கு அடியில் கடல்மணல் படிந்திருக்க வேண்டும். அம்பாந்தோட்டை கரகன் களப்பில் துளையிட்டுப் பார்த்தார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய மணற்படைகள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடந்தன. எச்சரிக்கைக் கோபுரம் ஒலித்தால் உங்கள் வீட்டிலிருந்து எந்த ஒழுங்கையால் எந்த மேட்டுக்குப் போவது என்பதை இந்த வாரமே வீட்டில் உள்ளவர்களோடு ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். நடக்க முடியாத முதியவர் வீட்டில் இருந்தால், அவரை யார் தூக்குவது என்பதையும் இப்போதே பேசி முடிவுசெய்யுங்கள்.