கால் சுடாத பாதை: சந்நிதியிலிருந்து தொடங்கும் யாத்திரைத் தடத்துக்கு முதலில் வேண்டியவை

யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து இலங்கையின் தெற்கிலுள்ள கதிர்காமத்துக்கு நடப்பவர்கள் வைகாசியை ஒட்டிப் புறப்பட்டு, வற்றாப்பளை, வெருகல், மட்டக்களப்பு, உகந்தை தாண்டி ஆடி விழாவுக்குப் போய்ச் சேர்கிறார்கள். மழை இல்லாத, சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்கள் அவை. பலர் வெறுங்காலோடு நடப்பவர்கள். ஆனால் பாதையைப் புதுப்பிக்கும் வரைபடங்களில் வரவேற்பு வளைவும் இன்ரலொக் கல்லுமே முன்னுக்கு நிற்கின்றன. அந்தக் கல் பகல் பதினொரு மணிக்கு மேல் பாதம் வைக்க விடாது.

நிழலை எந்தப் பக்கத்தில் வைப்பது என்பதிலேயே முதற்பிழை நடக்கிறது. வெளிநாட்டுக் கைநூல்களைப் பார்த்துத் தெற்குப் பக்கம் மரம் வைக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் கடைசிவரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஆகவே கிழக்கு மேற்காகப் போகும் துண்டுகளில் மரவரிசை பாதைக்கு வடக்கே இருக்க வேண்டும். வடமராட்சி கிழக்கின் கரையோரமாகத் தெற்கே இறங்கும் துண்டுகளில் நடை விடியற்காலையில் என்பதால் கிழக்குப் பக்கம், அதாவது கடற்பக்கம், முக்கியம். காலை எட்டு மணிக்கு 6 மீற்றர் மரத்தின் நிழல் ஏறக்குறைய 10 மீற்றர் மேற்கே விழும். மரத்தைப் பாதையோடு ஒட்ட வைக்கத் தேவையில்லை.

கடற்பக்கத்தில் உப்புக்காற்றைத் தாங்குபவை பூவரசு, புன்னை, பனை. உள்ளே வந்தால் வேம்பும் இலுப்பையும். மருது அழகுதான், ஆனால் குளக்கரையில் மட்டும். ஆலும் அரசும் மடத்துக்கும் கேணிக்கும் 20 மீற்றராவது தள்ளி நிற்கட்டும். கல் இடுக்கில் வேர் புகுந்தால் பிறகு மரத்தை வெட்டினாலும் சுவர் மீளாது. பூவரசுக்கு நாற்றுமேடையே வேண்டாம்: இரண்டு மீற்றர்க் கதியாலை (ஊன்றினால் வேர்விடும் கிளைத்தடியை) ஐப்பசி மழையோடு ஊன்றினால் போதும். மற்றக் கன்றுகளுக்கு 90 சென்ரிமீற்றர் அகல ஆழக் குழி, பாதிக்குச் சாணமும் மேல்மண்ணும். வலிகாமப் பக்கம் சுண்ணக்கல் தட்டினால் அதை உடைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வேர் சுருண்டு மூன்றாம் கோடையில் மரம் சாயும். ஆடுகளிடமிருந்து காக்கப் பனைமட்டை வேலி. முதல் இரண்டு கோடையிலும் மூன்று நாளுக்கொருமுறை 20 லீற்றர் தண்ணீர். நடுகை விழாவுக்குச் செலவழித்துவிட்டு இந்தத் தண்ணீருக்கு ஒதுக்காத திட்டங்கள்தான் காய்ந்துபோகின்றன.

தரைக்கு, சல்லடையிட்ட கிரவல் (சரளைமண்) 10 சென்ரிமீற்றர் கனத்தில், நனைத்து உருட்டியது நல்லது. ஒரு பக்கமாக 40க்கு 1 என்ற சாய்வு. மேற்பரப்பில் 6 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட கல் கிடக்கக்கூடாது. மணற்காட்டு மாதிரி மணல்மேடுகளில் கிரவல் போடவே வேண்டாம். அது மணலோடு கலந்து, காலுக்கு இரண்டையும்விட மோசமாகிவிடும்.

வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கிவைக்கும் பழைய சுமைதாங்கிக் கற்களைத் தொடும்போது அவசரம் வேண்டாம். பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்களின் நினைவாக நட்டவை பல. குடும்பத்தாரைக் கேட்காமல் நகர்த்தினால் ஊர் முகம் திரும்பிவிடும். தார்மேல் தார் போட்டு வீதி உயர உயர, தோளுயரத்தில் நின்ற குறுக்குக்கல் இடுப்புக்கு வந்துவிடுகிறது. முதலில் அடியைத் தோண்டிப் புதைந்த உயரத்தை அளக்க வேண்டும். அதே தோளுயரம் கிடைக்கும்வரை உயர்த்தி நட்டால் மட்டுமே குனியாமல் சுமையை இறக்கலாம். மாடு உடம்பை உரசிக்கொள்ளும் ஆவுரோஞ்சிக்கல்லிலும் அவசரம் வேண்டாம்: தண்ணீர்த்தொட்டியை விட்டுப் பிரித்து அழகுக்குச் சந்தியில் நட்டால் மாடு அதைத் தேடி வராது.

கேணி, மடங்களுக்குச் சீமெந்துப் பூச்சு அடிப்பது பெரிய கேடு. ஈரமும் உப்பும் உள்ளே அடைபட்டுச் சுண்ணக்கல் பொருக்குப் பொருக்காக உதிரும். அதற்குப் பதில் சுண்ணாம்புச் சாந்து பூச வேண்டும்: நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய மணல் மூன்று பங்கு. கடல்மணல் ஆகாது.

நடப்பவர்களுக்குக் குடிதண்ணீர் இரண்டு கிலோமீற்றருக்கு ஓரிடம். நூறு பேர் கூட்டத்துக்கு ஆளுக்கு அரை லீற்றர் என்றால் 20 லீற்றர்ப் பானை மூன்று போதும். மணற்பகுதிக் கிணறுகளில் மோட்டரைப் பூட்டாதீர்கள். மேலே மிதக்கும் நன்னீர்ப் படை மெல்லியது; வேகமாக இறைத்தால் அடியிலுள்ள உவர் ஏறிவிடும். துலாவோ கைவாளியோ போதும்.

நாகர்கோவிலிலிருந்து முகமாலைப் பக்கம் நீண்ட பழைய போர் முன்னரங்கை அண்டிய நிலத்தில், கண்ணிவெடி அகற்றிய சான்று கைக்கு வரும்வரை ஒரு கன்றுக்குழிகூடத் தோண்டக்கூடாது. கதியாலும் ஊன்றக்கூடாது.