கழிமுகத்தில் தங்குவது யார்?

ஆற்று நீரில் லிட்டருக்கு அரை கிராம் உப்புகூட இருக்காது. கடல் நீரிலோ சுமார் 35 கிராம். இரண்டும் கலக்கும் கழிமுகத்தில், ஒரு மில்லிலிட்டரில் பத்து லட்சம் பாக்டீரியாக்கள் இருப்பது சாதாரணம். ஆற்றோடு வந்தவையும், கடல் ஏற்றத்தில் உள்ளே நுழைந்தவையும் கலந்து கிடக்கும். அங்கேயே பிறந்து பெருகும் கூட்டம் என்று தனியாக ஒன்று உண்டா?

முதலில் உப்பைச் சமாளிக்க வேண்டும். ஆற்றுப் பாக்டீரியா உப்பு நீருக்குள் வந்ததும் அதன் செல்லிலிருந்து நீர் வெளியேறத் தொடங்கும். தாக்குப்பிடிப்பவை கிளைசின் பீட்டைன், புரோலின் போன்ற சிறு மூலக்கூறுகளை உள்ளே சேர்த்து அந்த இழப்பை ஈடுகட்டுகின்றன. இவை எவ்வளவு சேர்ந்தாலும் புரதங்களின் வேலையைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. நன்னீரில் சிக்கும் கடல் பாக்டீரியாவின் பாடு நேர்மாறு. நீர் உள்ளே புகுந்து செல் வீங்கும். பல பாக்டீரியாக்களில், சவ்வு இழுபட்டதுமே அதில் பதிந்திருக்கும் புரத வாய்க்கால்கள் திறந்து, உள்ளே கரைந்திருப்பதை வெளியே கொட்டிவிடும். அதனால்தான் செல் வெடிப்பதில்லை. நரம்பு கிடையாது, மூளை கிடையாது. சவ்வு இழுபடுவதே செய்தி. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது வியப்புதான்.

சரி, உப்பைத் தாங்கினால் போதுமா? போதாது, நேரமும் வேண்டும். ஒரு பாக்டீரியா இரண்டாகப் பிரிய ஒரு நாள் ஆகிறது, நீரோ அரை நாளில் கடலுக்குப் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருகுவதற்குள் அடித்துச் செல்லப்பட்டுவிடும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள பார்க்கர் ஆற்றுக் கழிமுகத்தைப் பற்றி 2004-இல் வெளிவந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. வசந்தத்தில் நீர் விரைந்து ஓடியபோது அங்கே இருந்தது ஆற்று, கடல் பாக்டீரியாக்களின் வெறும் கலவை. கோடையிலும் இலையுதிர் காலத்திலும் நீர் அதிக நாள் தங்கியது. அப்போது நடுத்தர உப்புள்ள பகுதியில் கழிமுகத்துக்கே உரிய கூட்டம் உருவானது. வட ஐரோப்பாவில் ஆற்று நீரும் கடல் நீரும் கலந்து கிடக்கும் பால்டிக் கடலில் நீர் முழுவதும் மாறப் பல பத்தாண்டுகள் ஆகும். அங்கே இப்படிப்பட்ட கூட்டம் நிலையாகவே குடியிருக்கிறது.

ஓட்டத்துக்குத் தப்ப இன்னொரு வழியும் உண்டு: எதையாவது பற்றிக்கொள்வது. ஆறு கொண்டுவரும் களிமண் துகள்கள் உப்பு பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். அவற்றில் ஒட்டிய பாக்டீரியாக்கள் சேற்றில் படிந்து, நீர் போன பின்னும் அங்கேயே இருக்கும். அந்தச் சேற்றில் சில மில்லிமீட்டர் ஆழத்திலேயே ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அதற்குக் கீழே, கடல் நீர் கொண்டுவரும் சல்பேட் என்ற கந்தகச் சேர்மத்தை ஆக்சிஜனுக்குப் பதிலாக வைத்து ஒரு வகைப் பாக்டீரியாக்கள் சுவாசிக்கின்றன. அவை வெளிவிடும் ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் கழிமுகச் சேற்றைக் கிளறினால் வரும் அழுகிய முட்டை நாற்றம். அதுவே இரும்போடு சேர்ந்து சேற்றைக் கறுப்பாக்கவும் செய்கிறது.