கையெழுத்துப் போடும் முன் முழுவதையும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்

சிங்கப்பூரில் வேலை பெர்மிட் முடிந்தும் தங்கியதாகப் பிடிபடும் நம் தொழிலாளர்களின் வழக்குகளைப் பார்க்கிற வழக்கறிஞர் நான். "தப்புப் பண்ணிட்டேன் சார், இனிமே என்ன சொல்லி என்ன ஆகப்போகுது" என்றுதான் பலர் பேச்சைத் தொடங்குகிறார்கள். ஆகிறது, நிறையவே ஆகிறது.

90 நாளுக்கு மேல் சட்டவிரோதமாகத் தங்கினால் 6 மாதம் வரை சிறை, ஆண்களுக்குக் குறைந்தது 3 பிரம்படி. (50 வயதைத் தாண்டியவர்களுக்குப் பிரம்படி கிடையாது, அதற்குப் பதில் அபராதம்.) இதை முடிவு செய்வது நீதிமன்றம். ஊருக்குத் திருப்பி அனுப்புவது வேறு கதை, அது அதிகாரிகள் கையில். அனுப்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் வரை ஒருவரை 14 நாள் வரை காவலில் வைக்கலாம். குடிநுழைவுச் சட்டத்தின் கீழ் எடுத்த முடிவை எதிர்த்து நீதிமன்றம் போனாலும், 39ஏ பிரிவின்படி நடைமுறையை ஒழுங்காகப் பின்பற்றினார்களா என்று மட்டுமே கேட்க முடியும். 2013இல் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரத்தில் நடந்த கலவரத்துக்குப் பிறகு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் 57 பேரை வழக்கு விசாரணை இல்லாமலேயே ஊருக்கு அனுப்பினார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. கடன் வாங்கி வந்தவனின் பிழைப்பையே முடித்துவிடும் ஒரு முடிவை நீதிபதி ஒருவராவது முழுமையாகப் பார்க்க வேண்டும்.

அதனால்தான் பிடிபட்டதும் அதிகாரிகள் எழுதி வாங்கும் முதல் வாக்குமூலம் அத்தனை முக்கியம். கைதான காரணத்தைத் தெரிந்துகொள்ளவும் வழக்கறிஞரைக் கலந்துபேசவும் அரசியலமைப்பின் 9வது விதி வெளிநாட்டவருக்கும் உரிமை தருகிறது. ஆனால் வழக்கறிஞரை உடனே பார்த்துவிட முடியாது, 'நியாயமான கால'த்துக்குள் பார்க்கலாம். அதற்குள் ஸ்டேட்மென்ட் எடுத்து முடித்திருப்பார்கள்.

புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர். மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. கேட்டதும் முதலாளி பெர்மிட்டை ரத்து செய்துவிட்டார். விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக ஆட்கள் வர, பயந்துபோய் விடுதியிலிருந்து ஓடிவிட்டார். அவருடைய வாக்குமூலத்தில் இருந்ததோ, "வேலை பிடிக்காததால் வெளியேறினேன்" என்ற ஒரே வரி. மொழிபெயர்ப்பாளர் தமிழில் வாசித்துக் காட்டியபோது அசதியில் சரி சரி என்று தலையாட்டிவிட்டார். சம்பளப் பாக்கி அந்தத் தாளில் எங்குமே இல்லை. தண்டனையைக் குறைக்கச் சொல்லிப் பேச நின்றபோது அந்த வரியோடுதான் நான் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

புரியும் மொழியில் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்பது சட்டம். ஒரு வரி தவறாக இருந்தாலும் திருத்தச் சொல்லுங்கள். அதிகாரி கோபித்துக்கொள்வாரோ என்று யோசிக்காதீர்கள். சம்பளப் பாக்கியோ வேலைக் காயமோ இருந்தால், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். வேலையை விட்ட 6 மாதத்துக்குள் சம்பளப் புகாரைப் பதிய வேண்டும். புகார் விசாரணையில் இருக்கும்போது சட்டப்படி தங்க ஸ்பெஷல் பாஸ் கேட்கலாம்.

இன்னொன்று. ஊருக்கு அனுப்புகிறேன் என்று முதலாளியோ அவர் அமர்த்திய ஆட்களோ உங்களை அறையில் பூட்டிவைத்தால் அது குற்றம். 999ஐ அழையுங்கள்.

ஊரில் இருக்கும் குடும்பத்தாருக்கு: காவலில் இருப்பவர் கேட்டால் இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லியாக வேண்டும், 1963 வியன்னா உடன்படிக்கை அப்படிச் சொல்கிறது. நீங்களும் தூதரகத்துக்கு எழுதலாம். பெர்மிட் அட்டை, சம்பளச் சீட்டு, ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டிய ரசீது எல்லாவற்றையும் படமெடுத்து இன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பும்படி சிங்கப்பூரில் இருக்கும் உங்கள் ஆளிடம் சொல்லி வாங்கி வையுங்கள். பிடிபட்ட பிறகு அவருடைய போன் அவர் கையில் இருக்காது.