ஊசி பிடிக்காத இலை

கட்டைகளில் சுற்றிய நூல்களைக் கையால் பின்னிச் செய்யும் மெல்லிய அலங்காரத் துணிதான் பாபின் லேஸ். அதில் குண்டூசிதான் காவல். திண்டின் மேல் துளையிட்ட அட்டை, துளைகளில் ஊசிகள், அவற்றைச் சுற்றி வளையும் நூல்கள். ஒவ்வொரு நூலின் முனையும் ஒரு மெல்லிய மரக் கட்டையில் சுற்றித் தொங்குகிறது. கை தொடுவது அந்தக் கட்டையைத்தான். அசைவுகளும் இரண்டே. நான்கு நூல்களில் நடுவிலுள்ள இரண்டில், இடது நூலை வலது நூலின் மேல் போட்டால் குறுக்கு. ஒவ்வொரு ஜோடியிலும் வலது நூலை இடது நூலின் மேல் போட்டால் முறுக்கு. எவ்வளவு அகலமான லேஸும் பெரும்பாலும் இந்தக் குறுக்கிலும் முறுக்கிலும் அடங்கிவிடும்.

அதில் வரும் குட்டி இலையோ வேறு ஜாதி. அது பின்னல் அல்ல, அசல் நெசவு. இரண்டு ஜோடி, அதாவது நான்கு நூல்கள். மூன்று பாவாக அசையாமல் நிற்க, நான்காவது ஊடையாக அவற்றின் கீழும் மேலுமாகப் போய்த் திரும்புகிறது. வலமிருந்து கிளம்பும்போது முதல் பாவின் கீழே, நடுப் பாவின் மேலே, மூன்றாவதன் கீழே; திரும்பும்போது மூன்றாவதன் மேலே, நடுவின் கீழே, முதலாவதன் மேலே. சட்டமும் அச்சும் இல்லாத, மூன்றே இழைத் தறி. இலையின் அடியிலும் நுனியிலும் ஊசி உண்டு. இடையில், வடிவம் பிறக்கும் இடத்தில், ஒன்றுகூட இல்லை.

அங்கேதான் சிக்கல். குறுக்கும் முறுக்குமான பின்னலில் எல்லா நூல்களும் ஒன்றையொன்று மாறி மாறிக் கட்டிக்கொள்கின்றன; உராய்வே பூட்டாகிவிடுகிறது. இலையில் மூன்று பாவுகளும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. அவற்றை இணைப்பது ஊடை ஒன்றுதான். அதைச் சற்று அழுத்தி இழுத்தால், நாடாவை இழுத்ததும் பையின் வாய் சுருங்குவதுபோல மூன்று பாவும் ஒன்றாகக் குவிந்துவிடும். கட்டையின் எடையே இதற்குப் போதும். அதனால் ஊடைக் கட்டையை இலை முடியும்வரை பலர் கையைவிட்டு இறக்குவதில்லை. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் கட்டையின் முனையில் கண்ணாடி மணி வளையம் கோப்பார்கள். அது கட்டையை உருளாமல் காக்கும், நூலுக்கு விறைப்பும் தரும். ஆனால் இலை நெய்யும்போது அந்த எடை ஊடையில் தொங்கினால் போச்சு.

வடிவம் முழுவதும் இழுவையில்தான் இருக்கிறது. ஓரப் பாவுகள் இரண்டையும் விரித்துப் பிடித்து மெல்ல இழுத்தால் ஊடை மேலேறி நெருங்கும், இலை அகலும். ஊடையை ஒரு மயிரிழை கூடுதலாக இழுத்தால் ஒடுங்கும். அடியில் ஒடுக்கம், நடுவில் அகலம், நுனியில் மறுபடி ஒடுக்கம் என்றால் இலை. முதலிலிருந்தே ஒரே அகலத்தில் நிறுத்தினால் சதுரம். என்னைக் கேட்டால் சதுரம்தான் கடினம். இலையில் ஓரம் கொஞ்சம் கோணினாலும் இயல்பாகத் தோன்றும். சதுரத்தில் ஒரு வரிசை பிசகினால்கூட இடுப்பு ஒடுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஊடைக்கு நீள நூலை ஒதுக்குவதற்கும் காரணம் இருக்கிறது. இலை 1 சென்டிமீட்டர் நீளம், சராசரி அகலம் 2 மில்லிமீட்டர், அதில் 40 வரிசை என்று வைத்துக்கொண்டால் ஊடைக்கு மட்டும் 8 சென்டிமீட்டர் நூல் போய்விடும். பாவுக்கு 1 சென்டிமீட்டர் சொச்சம். ஒரே கட்டையை ஒவ்வோர் இலைக்கும் ஊடையாக்கினால் அது மட்டும் சீக்கிரம் காலியாகும்.

மால்டா லேஸில் இதே இலைகள் கோதுமை மணிகளாகக் குவிந்து நிற்கும். அந்தப் பாணி 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டுஷையருக்குப் பரவியது. ஜான் ஹீத்கோட் 1809இல் காப்புரிமை பெற்ற வலை இயந்திரமும் அதன் பின்வந்தவையும் மெல்லிய வலை லேஸின் சந்தையைப் பறித்திருந்த காலம் அது. பின்னல் கால்களும் (வடிவங்களை இணைக்கும் பின்னிய இழைகள்) இலைகளும் நிறைந்த புதிய பாணியை அந்த இயந்திரங்களால் எளிதில் போலச் செய்ய முடியவில்லை. கையால் லேஸ் பின்னியவர்களுக்குச் சில பத்தாண்டுகள் மூச்சு விட இடம் கிடைத்தது.

நெய்து முடித்த பிறகும் இலையை நம்ப முடியாது. நுனியில் நூல்களைக் குறுக்கிட்டு ஊசி குத்திய பின், ஊடை இல்லாத ஜோடியைத்தான் முதலில் அடுத்த பின்னலில் சேர்க்க வேண்டும். ஊடை உள்ள ஜோடி சுற்றிலும் நாலைந்து பின்னல்கள் இறுகும்வரை தளர்வாகவே கிடக்கட்டும். அவசரப்பட்டு அதை இழுத்தால் இலை குச்சியாகிவிடும். அதைப் பழையபடி விரிப்பதைவிடப் பிரித்து நெய்வதே சுலபம்.