பழைய பலகையில் எழுத்துப் பலகை செய்யும் முன்

பழைய கதவின் பலகையையோ, பிரித்தெடுத்த சரக்குப் பெட்டியின் சட்டங்களையோ கொண்டுவந்து, பெயரோ வாசகமோ எழுதிச் சுவரில் மாட்டும்படி ஓர் எழுத்துப் பலகை செய்து தரக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே நிபந்தனையை விதிக்கிறார்கள். மேற்பரப்பை இழைத்துவிடக் கூடாது, அதன் பழமை அப்படியே இருக்க வேண்டும் என்பதே அது. தச்சு வேலையைத் தொழிலாகக் கொண்ட எனக்கும் அந்த ஆசை நன்றாகவே புரிகிறது. மரத்தின் நார்களைப் பிணைத்து நிற்கும் லிக்னின் என்ற பொருளைச் சூரியனின் புற ஊதாக் கதிர்கள் சிதைக்க, சிதைந்ததை மழை கழுவிச் செல்ல, எஞ்சிய நார்கள் காட்டும் வெள்ளிச் சாம்பல் நிறத்தை எந்தச் சாயத்தாலும் சரியாகப் போலி செய்ய முடியாது. அந்த அடுக்கு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருப்பதில்லை. இழைப்புளியை இரண்டு முறை ஓட்டினால் போய்விடும். ஆனால் அந்த மரம் முன்பு நின்ற இடத்தில் வாங்கிக்கொண்ட பெயின்ட்டும் அழுக்கும் எண்ணெயும் படிந்திருப்பதும் அதே அடுக்கில்தான். நாம் விரும்பிக் காப்பாற்றுகிற தோலும் நாம் அஞ்ச வேண்டிய தோலும் ஒன்றாக இருப்பதால், பலகையில் என்ன எழுதுவது என்று யோசிக்கும் முன் அந்தப் பலகையை வீட்டுக்குள் வைக்கலாமா என்று முடிவு செய்துவிட வேண்டும்.

முதலில் பெயின்ட். உரிந்தும் வெடித்தும் அடுக்கடுக்காக நிற்கும் பழைய பெயின்ட்தான் இவ்வகைப் பலகைகளின் அழகென்று பலர் கருதுகிறார்கள். நிறம் பளிச்சென்று இருக்கவும், விரைவில் உலரவும், நெடுநாள் நிலைக்கவும் முற்காலத்துப் பெயின்ட்டுகளில் ஈயச் சேர்மங்களைக் கலந்தார்கள். அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுக்கான ஈயப் பெயின்ட்டுக்கு 1978-ஆம் ஆண்டில்தான் தடை வந்தது. பல நாடுகளில் அதற்கும் வெகுகாலம் கழித்தே வந்தது. பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் இன்று பரிந்துரைக்கிறது. பழைய பெயின்ட்டில் அதைவிடப் பல நூறு மடங்கு ஈயம் இருக்கக்கூடும். பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. குழந்தையின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கிறது, அந்தப் பாதிப்பு திரும்பச் சரியாவதில்லை.

ஒருமுறை ஓர் இளம் தம்பதியர், பிறக்கப்போகும் குழந்தையின் அறைக்கென்று பச்சைப் பெயின்ட் பூசிய மிகப் பழைய பலகை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பெயின்ட் வெடிப்புகள் பார்க்க அத்தனை அழகாக இருந்தன. எல்லா அடுக்குகளும் தெரியும்படி கத்தியால் ஒரு சாய்வுக் கீறல் போட்டு, ஈயம் பட்டால் நிறம் மாறும் சோதனைக் குச்சியைத் தேய்த்தபோது, அடியில் இருந்த அடுக்கில் குச்சியின் நுனி சிவந்தது. அந்தப் பலகையை வாங்க மறுத்துவிட்டேன். குச்சிச் சோதனை எப்போதும் சரியான விடை தருவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நிறம் மாறினால் ஈயம் இருப்பதாகவே கொள்ளலாம். மாறாவிட்டால் ஈயம் இல்லை என்று உறுதி சொல்ல முடியாது. ஐயம் இருந்தால், பெயின்ட் செதில் ஒன்றை ஆய்வகத்துக்கு அனுப்புவதே நம்பகமான வழி.

ஈயம் இருக்கலாம் என்று தோன்றும் பலகையை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதைவிட ஆபத்தான செயல் இந்த வேலையில் வேறில்லை. ஒட்டிக்கொண்டிருந்த நஞ்சு நுண்தூளாகி மூச்சிலும் உடையிலும் தரையிலும் பரவிவிடும். தீச்சுடரைக் காட்டி உரித்தால் அது புகையாக உள்ளே போகும். அந்தப் பலகையை வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால், தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்துக்கொண்டே சுரண்டி, செதில்களை விரித்த பிளாஸ்டிக் தாளில் சேர்த்துக் கட்டி, அபாயக் கழிவாக ஒப்படைக்க வேண்டும். தெளிவான பூச்சை மேலே இரண்டு கை பூசி அடைத்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். உறுதியாக ஒட்டியிருக்கும் பெயின்ட்டுக்கு அது ஓரளவு பொருந்தும். உரிந்து நிற்கும் பெயின்ட்டுக்குப் பொருந்தாது, ஏனெனில் செதில் உதிரும்போது பூச்சும் அதனுடன் சேர்ந்தே உதிரும். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு இவ்வகைப் பலகை எந்த நிலையிலும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது மருந்தேற்றிய மரம். தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த மரக்காப்பு மருந்தை 1933-இல் உருவாக்கியவர் சோண்டி காமேசன் என்ற இந்திய வேதியியலாளர். கறையானையும் பூஞ்சையையும் தடுத்து மரத்தின் ஆயுளைப் பன்மடங்கு நீட்டித்த மருந்து அது. மின்கம்பங்களும் வேலிக் கட்டைகளும் அதனால்தான் மண்ணில் நின்று தாக்குப்பிடித்தன. ஆனால் அதிலுள்ள ஆர்சனிக் என்ற நஞ்சு, மரத்தை அறுக்கும்போது தூளிலும் எரிக்கும்போது புகையிலும் சாம்பலிலும் வந்து சேர்கிறது. அமெரிக்காவில் பெரும்பாலான வீட்டுப் பயன்பாடுகளிலிருந்து 2003-ஆம் ஆண்டின் இறுதியில் இது விலக்கிக்கொள்ளப்பட்டது. புதிதாக இருக்கும்போது தெரியும் இளம்பச்சைச் சாயல் ஆண்டுகள் செல்லச் செல்ல மங்கி, எல்லாப் பழைய மரத்தையும் போலச் சாம்பலாகிவிடுவதால், வெளித்தோற்றத்தைக் கொண்டு இதை அறிய முடியாது. முனையைச் சிறிது அறுத்து வெட்டு முகத்தைப் பாருங்கள். வைரம் பாய்ந்த நடுப்பகுதி மருந்தை எளிதில் ஏற்காது, வெளிப்பகுதி ஏற்கும். ஆகவே ஓரத்தைச் சுற்றிப் பச்சைப் பட்டை ஓடினால் அந்தக் கட்டையை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். அதன் துண்டுகளை அடுப்பிலும் போட வேண்டாம். ரயில் பாதையிலிருந்து எடுத்த ஸ்லீப்பர் கட்டைகளில் ஊறியிருக்கும் கிரியோசோட் என்ற மரக்காப்பு எண்ணெய் நிலக்கரித் தாரிலிருந்து பெறப்படுவது. அதன் நெடியே போதிய எச்சரிக்கை.

சரக்கை அடுக்கித் தூக்கும் மரத்தட்டுகளான பேலட்டுகளைப் பற்றி அச்சம் தேவையில்லை, கவனம் போதும். நாடு கடந்து செல்லும் மரச் சிப்பங்களுக்கென 2002-இல் ஏற்கப்பட்ட ஐஎஸ்பிஎம் 15 என்ற தரவிதியின்படி, ஒவ்வொரு பேலட்டிலும் கோதுமைக் கதிர் போன்ற சின்னமும், நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகளும், பதப்படுத்திய முறையின் குறியும் சூட்டு முத்திரையாகவோ மையாகவோ பதிந்திருக்கும். எச்டி (HT) என்ற குறி இருந்தால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் 30 நிமிடம் ஏற்றப்பட்டது என்று பொருள், அதை எடுக்கலாம். எம்பி (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு புகையூட்டப்பட்டது, அதைத் தவிர்ப்பேன். முத்திரை சரியாக இருந்தும், எதையோ சிந்தி ஊறிய கறையோ அறிமுகமில்லாத நெடியோ இருந்தால், அந்தப் பேலட் எதைச் சுமந்து வந்தது என்பதை நாம் அறிய வழியில்லை. அதையும் ஒதுக்கிவிடுவதே நல்லது.

உளு அரித்த துளைகளும் பலருக்கு அழகாகத் தோன்றுகின்றன. ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள அந்தத் துளைகள் வண்டு வெளியேறிய வாசல்கள். எல்லாமே வெளியேறிவிட்டனவா, உள்ளே இன்னும் புழுக்கள் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. பலகையை ஒரு கருப்புத் தாளின் மேல் சில வாரம் நிறுத்தி வையுங்கள். மாவு போன்ற வெளிர்தூள் புதிதாக உதிர்ந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. அதை அப்படியே மாட்டினால் வீட்டிலுள்ள மற்ற மரச்சாமான்களுக்கும் உளு பரவலாம். வெப்பம் ஏற்றும் வசதியுள்ள இடத்தில் கொடுத்து, மேலே சொன்ன அதே 56 டிகிரி வெப்பத்தை நடுவரை ஏற்றினால் புழு இறந்துவிடும். போராக்ஸ் (வெண்காரம்) வகைக் கரைசலும் உதவும். ஆனால் அது பூச்சில்லாத வெறும் மரத்தில்தான் ஊறும்.

ஆணிகளை எல்லாம் பிடுங்கியாயிற்று என்று கண்ணை நம்பி முடிவு செய்யாதீர்கள். தலை முறிந்த ஆணி மரத்துக்குள் மறைந்து நிற்கும். சுழல்ரம்பத்தின் பல் அதில் பட்டால் உடைந்து முகத்தை நோக்கித் தெறிக்கும். வலுவான காந்தத்தைப் பலகை முழுதும் இருபுறமும் மெதுவாக ஓட்டுங்கள். துருவேறிய ஆணியைத் தலைப்பக்கமிருந்து நெம்பினால் முகப்பு சிதையும் என்பதால், பின்புறமிருந்து முனையைத் தட்டித் தலையைச் சற்றே எழுப்பிக்கொண்டு, பிறகு பிடுங்குவதே முறை.

இனித் தூள். நஞ்சே இல்லாத நல்ல மரத்தின் தூளையும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் புற்றுநோயை உண்டாக்கும் முதல் வகைப் பொருள்களில் சேர்த்தது. மூக்கு அறையிலும் அதனை ஒட்டிய குழிகளிலும் வரும் புற்றுநோய்க்கும் மரத்தூளுக்கும் உள்ள தொடர்பு மரவேலையாளர்களிடம்தான் அறியப்பட்டது. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொள்வதை நானும் பல ஆண்டுகள் பாதுகாப்பென்று நம்பியிருந்தேன். அது நுண்தூளைத் தடுப்பதில்லை. என்95 வகை முகக்கவசம் முகத்தோடு ஒட்டி அமர வேண்டும். வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

இத்தனையையும் கடந்து வந்த பலகையில் வேலை இனிமையானது. நீரில் நனைத்த தூரிகையால் கழுவி, நிழலில் அடுக்கி, ஈரப்பதம் 8 முதல் 12 விழுக்காட்டுக்குள் வரும்வரை காத்திருங்கள். பித்தளைக் கம்பித் தூரிகையை மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே ஓட்டினால், மென்மையான வளர்பகுதி மட்டும் அரைபட்டுக் கடினமான வரிகள் மேடாக எழும். சாம்பல் நிறமும் பெருமளவு தங்கும்.

எழுத்தில் என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பழைய மரம் மையை உறிஞ்சி ரேகை வழியே இழுத்துச் செல்வதால், வெறும் மரத்தில் எழுதினால் விளிம்புகள் கசியும். தெளிவான பூச்சு ஒரு கை பூசி உலரவிட்ட பிறகே எழுத வேண்டும். எழுத்தின் வடிவைத் துளையாக வெட்டி மேலே மை பூசும் அச்சுத்தகடு (ஸ்டென்சில்) வெட்டுவோர் வ, ண, ஒ போன்ற எழுத்துகளின் சுழிக்குள் இருக்கும் துண்டு விழுந்துவிடாதபடி சிறு பாலங்களை விட்டு வெட்ட வேண்டும். உளியால் செதுக்கினாலோ, தமிழ் எழுத்தின் வளைவுகள் ரேகையின் போக்குக்கு நேராகவும் குறுக்காகவும் மாறிக்கொண்டே இருப்பதால், வளைவு திரும்பும் இடந்தோறும் உளி செல்லும் திசையையும் மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையேல் உலர்ந்த மரம் செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும்.

மேற்பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெயைப் பயன்படுத்துவோர் அந்த எண்ணெய்த் துணியைக் கசக்கி மூலையில் எறிந்துவிடக் கூடாது. இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்தே இறுகுகிறது, அப்போது வெப்பம் வெளிப்படுகிறது. கசக்கிய துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகி, பொறி எதுவும் படாமலே துணி தானாகப் பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரியில் பிலடெல்பியாவின் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தில், மரச்சுவர்ப் பலகைகளைப் புதுப்பித்தவர்கள் விட்டுச்சென்ற இத்தகைய துணிகளிலிருந்து 22-ஆம் மாடியில் தீ எழுந்தது. அதை அணைக்கச் சென்ற மூன்று தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். துணியைத் திறந்த வெளியில் ஒற்றையாக விரித்து முழுதும் இறுகும்வரை உலர்த்துங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய மூடியுள்ள உலோக டப்பாவில் போட்டுவையுங்கள்.

கடைசியாகச் சுவர். 90 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம், இரண்டரை சென்டிமீட்டர் கனமுள்ள ஒரு தேக்குப் பலகை ஏறக்குறைய நான்கரை கிலோ எடை இருக்கும். கட்டிலின் தலைமாட்டுக்கு மேல் அதை ஒற்றை ஆணியில் தொங்கவிடக் கூடாது. பின்புறம் குறுக்குச் சட்டம் அடிக்கும்போது திருகுகளுக்கு நீள்வட்டத் துளை இட்டால்தான், பருவத்துக்கேற்ப அகலவாக்கில் விரிந்து சுருங்கும் பலகை வெடிக்காமல் இருக்கும். 45 பாகைச் சாய்வில் அறுத்த இரண்டு சட்டங்களில் ஒன்றைப் பலகையிலும் மற்றொன்றைச் சுவரில் பிளக் இறக்கித் திருகியும் பொருத்தி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கொக்கியிட்டு மாட்டுவது நான் கையாளும் முறை. எடை சுவர் நெடுகப் பகிரப்படும். தூக்கிக் கழற்றுவதும் எளிது. முதல் ஆறு மாதங்களுக்கு மாதம் ஒருமுறை அப்படிக் கழற்றிப் பின்புறத்தையும், அதற்கு நேர்கீழே தரையையும் பாருங்கள். வெளிர்தூள் உதிர்ந்திருந்தால் பலகையை அன்றே வீட்டுக்கு வெளியே எடுத்துவைத்துவிடுங்கள்.